வம்சப் பதிவேடும் அதில் எண் பெறாத தாய்மாரும்

தென்னாப்பிரிக்காவில் டச்சுக் குடியேறிகளின் வழிவந்தோர் தங்கள் முன்னோரைத் தேடப் புகுங்கால் கையிலெடுக்கும் முதல் நூல், டி வில்லியர்ஸ் தொகுத்த 'பழைய கேப் குடும்பங்களின் வம்சப் பதிவேடு' ஆகும். ஆசிரியர் 1887இல் மறைந்தபின் வரலாற்றாசிரியர் தீயல் அதனைச் செப்பனிட, 1893-94இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 1966இல் பாமா என்பார் திருத்தி விரித்தார். திருச்சபைகளின் திருமுழுக்கு, திருமண ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து அமைத்த இவ்வுழைப்பை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. ஆயினும் அதன் அமைப்பே ஒரு கொள்கையைப் பேசுகிறது என்பது நம் கருத்து.

டி வில்லியர்ஸ்-பாமா முறை எனப்படும் இவ்வமைப்பில், கப்பலேறி வந்த ஆடவரே குலத்தின் தொடக்கம். அவருக்கு முதல் எழுத்து. மக்களுக்கு அடுத்த எழுத்தும் பிறப்பு வரிசை எண்ணும். இவ்வாறே தலைமுறைதோறும் செல்கிறது. மனைவியின் பெயர் அருகில் எழுதப்படும், எண் இல்லை. மகளின் மக்களைக் காண வேண்டுமாயின் மருமகனின் குலத்தைப் புரட்ட வேண்டும். பொய் ஒன்றும் எழுதப்படவில்லை. ஆனால் வாசிப்பவர் மனத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு தந்தை, அவரிடமிருந்து கலப்பின்றி இறங்கிய ஒரு குலம் என்னும் உருவம் தானாகவே பதிந்துவிடுகிறது.

நூலுக்கு மூலமான திருச்சபை ஏடுகளோ வேறு செய்தி தருகின்றன. வான் ரீபெக் கேப்பில் இறங்கியது 1652இல். ஒன்பது பேர் முதல் சுதந்திரக் குடிகளாக நிலம் பெற்றது 1657இல். வந்தவருள் பெண்கள் மிகச் சிலரே. வான் ரீபெக் வீட்டில் அடிமையாயிருந்த 'வங்காளத்து ஆஞ்செலா' 1666இல் விடுதலை பெற்று, 1668இல் திருமுழுக்குப் பெற்று, மறு ஆண்டு ஆர்னால்டஸ் பாஸன் என்பவரை மணந்தார். பாஸன் குலத்தார் அனைவருக்கும் அவரே மூதாட்டி. 'வங்காளத்து', 'மலபாரின்', 'கொரமண்டலின்' என்னும் அடைகள் இவ்வேடுகளில் அடிக்கடி வருகின்றன. அவை குடும்பப் பெயர்கள் அல்ல. அடிமைகள் எக்கரையிலிருந்து வந்தனர் என்பதற்கான குறிப்புகள். கொரமண்டல் நம் சோழமண்டலக் கரையேயாம். தந்தை வழியில் ஹாலந்தின் ஊர்ப்பெயர் வரை ஏறும் கிளை, தாய் வழியில் இக்கடற்கரையோடு நின்றுவிடுகிறது.

1685இல் கேப்பைப் பார்வையிட்ட வான் ரேட, விடுதலை பெற்ற முழு அடிமைக் குலப் பெண்களை ஐரோப்பியர் மணத்தலாகாது எனத் தடை விதித்தார். கலப்பில் பிறந்தோரை மணக்கலாம் என்றார். (மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் வகைப்படுத்தியவரும் இவரே.) 1857இல் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் பேரவை, ஒரே சபையில் கூடுவதே திருமறைக்கு ஏற்றது என ஒப்புக்கொண்டும், சிலரது பலவீனத்தின் நிமித்தம் தனி வழிபாட்டை அனுமதித்தது. ஒரே மூதாட்டியின் வழிவந்தோர் இரு கட்டடங்களில் இராப்போசனம் பெற நேர்ந்ததை அப்பேரவையார் எண்ணினாரில்லை போலும். 1949இல் கலப்பு மணத் தடைச் சட்டமும் 1950இல் மக்கள் பதிவுச் சட்டமும் வந்தன. முன்னது 1985இலும் பின்னது 1991இலும் நீங்கின.

சட்டம் நின்ற காலத்திலேயே இரு நூல்கள் தோன்றின. ஜே. ஏ. ஹீஸ, 1971இல் ஆப்பிரிக்கானர் குலத்தில் ஐரோப்பியரல்லாதார் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடு எனக் கணக்கிட்டார். 1984இல் எச். எஃப். ஹீஸ கேப்பின் கலப்பு மணங்களைப் பெயர் பெயராக வெளியிட்டார். இரண்டாவது நூலே நமக்கு உகந்தது. இரத்தத்தை விழுக்காடாகப் பிரிக்கும் கணக்கு, சட்டத்தின் தராசையே கடன் வாங்கி எதிர்ப்புறம் நிறுக்கிறது, பெயர்களோ அவ்வாறல்ல.

திருமறை மாணவருக்கு இவ்விரு வகையும் புதியன அல்ல. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில், அட்டவணையில் தம் பெயரைக் காணாதோர் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர். மத்தேயுவோ தந்தையர் வரிசையையே கைக்கொண்டும், தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி எனும் நால்வரை இடையில் நிறுத்துகிறார். சாராள், ரெபெக்காள் பெயர்களை எழுதாது இவர்களை எழுதினார் என்பதை விரிவுரைகள் அடிக்கடி சுட்டும். டி வில்லியர்ஸின் நூலைப் படித்தபின் அது எத்துணைத் துணிவு என்பது நமக்கு விளங்கிற்று.

இனி குரோட்டோவா. கோயிகோய் இனத்துச் சிறுமியாக வான் ரீபெக் வீட்டில் வளர்ந்து, இரு சாராருக்கும் மொழிபெயர்ப்பாளராயிருந்த இவர், 1662இல் ஏவாள் என்று திருமுழுக்குப் பெற்றார். 1664இல் மருத்துவர் வான் மேர்ஹாஃபை மணந்தார். கணவர் மடகாஸ்கரில் கொல்லப்பட்டபின் குடியால் சீரழிந்து, ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1674இல் இறந்தார். குலத்தலைவர் ஒருவரின் பெயரில் தொடங்கும் நூலில் இவருக்குத் தனி அதிகாரம் அமைய வழியில்லை. இவர் வழிவந்தோரைப் பிறர் குலங்களின் பக்கங்களில்தான் தேட வேண்டும். மகள் பீட்டர்நெல்லா மொரீஷியஸ் தீவில் டேனியல் ஸாய்மனை மணந்து எட்டு மக்களைப் பெற்றார். அவர்களுள் ஒரு பெண்ணுக்கு ஏவாள் என்று பெயரிட்டார்.