மொரெய்ன் ஏரியின் நீலம்

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் இருக்கும் மொரெய்ன் ஏரியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள், நிறத்தைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். நேரில் போனால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மேலே பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை அரைத்துக்கொண்டே போகிறது. மாவைப் போல நைசான அந்தத் தூள், கோடையில் உருகும் நீரோடு ஏரிக்கு இறங்கி, சட்டென்று அடியில் படியாமல் மிதக்கிறது. அதில் பட்டுச் சிதறும் வெயில்தான் இந்த நீலப்பச்சை. ஜூன் தொடக்கத்தில் ஏரி முழுதாக நிரம்பியிருக்காது. ஜூலையில்தான் நிறம் ஏறும். நீரைக் கையில் அள்ளிப் பாருங்கள், நீலம் காணாமல் போயிருக்கும், விரல்கள்தான் விறைத்துப்போகும்.

ஏரிமுனையில் ஒரு பாறைக் குவியல். அதன்மேல் ஏறினால், 1969 வரிசை இருபது டாலர் நோட்டின் பின்புறத்தில் அச்சான ஏரியும் சிகரங்களும் அப்படியே விரியும். எல்லோரும் செல்ஃபியில் மும்முரமாக இருக்க, காலடிப் பாறை இடுக்கில் ஒரு பைக்கா வாய் நிறையப் புல்லோடு ஓடும். முயலுக்குத் தூரத்துச் சொந்தம், கைக்குள் அடங்கும் உருவம். குளிர்காலத்திலும் தூங்காத பிராணி என்பதால், கோடை முழுக்கப் புல் சேர்ப்பதுதான் அதன் வேலை. எனக்கென்னவோ சிகரங்களைவிட அதைத்தான் பிடித்தது.

2023 முதல் சொந்தக் காரில் அங்கே போக முடியாது, பஸ்தான். நல்ல ஏற்பாடு.