ஹாப்சன்-ஜாப்சனும் மொழிபெயர்ப்பாளரும்

ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்', இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சு வழக்கினைப் பதிவு செய்த அகராதியாகும். முகரம் ஊர்வலத்தின் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் முழக்கம் படைவீரர் நாவில் திரிந்ததே இதன் தலைப்பு. 1903இல் வில்லியம் குரூக் இதனைத் திருத்திப் பதிப்பித்தார்.

பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். 'மிளகுத்தண்ணீர்' ஆங்கிலத்தில் 'மல்லிகடானி' ஆகி, பின்னர் 'மல்' எனக் குறுகிச் சென்னை மாகாண அதிகாரிகளின் பட்டப்பெயராயிற்று. பம்பாய் அதிகாரிகள், உலர்மீனின் பெயரால் 'டக்ஸ்' எனப்பட்டனர். வங்காளத்தாரோ, ஏவலரை அழைக்கும் 'கோயி ஹை' என்னும் குரலாலேயே பெயர் பெற்றனர். இவற்றை ஆகுபெயரின் பாற்படுத்தலாம். 'மல்' என்பதை 'மிளகுத்தண்ணீர்' என்றே தமிழில் மீட்டால் வேர் விளங்கும், கேலி மறையும்.

இவ்வகராதியின் சிக்கலான பகுதி 'பரையா' என்னும் பதிவாகும். இதன் வேர் 'பறை' என்பதையும், அச்சாதியே கடைநிலையினது என்னும் ஐரோப்பியர் கருத்துப் பிழையானது என்பதையும் அகராதி கூறுகிறது. ஆயினும் நாய், சாராயம் முதலியவற்றிற்கு அடையாக அப்பெயர் வரும் தொடர்களையும் தனித்தனியே பதிவு செய்கிறது. அங்கு ஒரு மக்கட்பெயர் 'இழிந்தது' என்னும் பொருளில் பெயரடையாகிவிடுகிறது. வேர் கூறுவதால் மட்டும் இவ்விழிவு நீங்குவதில்லை.

மொழிபெயர்ப்பாளர் இதனை அப்படியே பெயர்த்தால் வசை தொடரும். 'தெருநாய்' என்று மாற்றினால் வரலாற்றுச் சான்று அழியும். எனவே பாத்திரத்தின் கூற்றில் அச்சொல்லை நிறுத்துவதும், ஆசிரியர் கூற்றில் தவிர்ப்பதும் பொருந்தும். சொல்லின் பிறப்பைவிடச் சொல்வோன் யார் என்பதே இங்கு முதன்மையானது.