வன்னிப் புனைகதையும் மணமான பெண்ணின் உழைப்பும்

மணமான பெண் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகலாமா என்னும் வினா எமது பட்டிமன்றங்களிலும் பத்திரிகைகளிலும் ஓயாது எழுப்பப்பட்டு வருவதொன்றாகும். வினாவைத் தொடுப்போரும் விடையிறுப்போரும் பெரும்பாலும் மத்தியதர வர்க்கத்தினராக இருப்பதனால், 'வேலை' என்றதும் கந்தோரும் பாடசாலையும் வங்கியுமே அவர்தம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. இவ்வினாவை வன்னி மண்ணில் வைத்து, அம்மண்ணைக் களமாகக் கொண்டெழுந்த புனைகதைகளின் துணையோடு நோக்குவதே எமது எண்ணம். அங்ஙனம் நோக்குமிடத்து, வினாவே பிழையாக அமைந்துள்ளமை தெரியவரும்.

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்தது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பு என்ற காட்டோரக் குடியிருப்பே அதன் களம். தந்தையின் எதிர்ப்பை மீறிப் பதஞ்சலியை மணக்கும் கதிராமன், வசதியான வீட்டை விட்டு நீங்கிக் காட்டைத் திருத்தி வாழ முற்படுகிறான். ஆசிரியர் சுந்தரலிங்கத்தின் வருகையோடு கதை வேறு திசை கொள்கிறது. இந்நாவலின் மண்வாசனையையும் பதஞ்சலியின் வெகுளித்தன்மையையும் வியவாதார் இலர், நாமும் வியக்கிறோம். ஆயின், காடு திருத்தும் குடும்பமொன்றிலே மனைவியின் பங்கு யாது என்று நாம் கேட்பதில்லை. கதிராமன் செய்வது உழைப்பாகவும் பதஞ்சலி செய்வது அன்பாகவும் எமக்குத் தோற்றுவது ஏன்? இக்குறை ஆசிரியருடையது மட்டுமன்று. வாசிக்கும் எமது கண்ணுடையதுமாகும்.

வன்னியின் வேளாண்மையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. களை பிடுங்குதல், அரிவு வெட்டு, கச்சான் பிடுங்குதல், மிளகாய்ப் பழம் ஆய்தல் ஆகியன பெரிதும் பெண்களின் கைகளாலேயே நடைபெற்றவை. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் பயனாக விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் மிளகாய்ச் செய்கை செழித்தபோது அச்செழிப்புக்குப் பின்னால் நின்றவை இக்கைகளே. அதே தசாப்தத்தில் உணவுப் பஞ்சத்தாலும் 1977ஆம் ஆண்டு வன்செயலாலும் மலையகத்தினின்றும் பெயர்ந்து கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிற் குடியேறிய குடும்பங்களின் பெண்கள் நாட்கூலிக்கு வயலில் இறங்கினர். அவர்களை நோக்கி, 'மணமான நீ வேலைக்குப் போகலாமா?' என்று எவரும் கேட்டதில்லை. காணியும் கையிருப்பும் சேர்ந்த பின்னர் மனைவியை வயலினின்றும் எடுத்து வீட்டில் இருத்துவது அந்தஸ்தின் அடையாளமாகியது. 'இல்லத்தரசி' என்பது தொன்மையான பண்பாட்டின் எச்சம் என்பதிலும், ஓரளவு செல்வம் சேர்ந்ததன் விளம்பரம் என்பதே பொருந்தும்.

சொந்த வயலில் உழைக்கும் மனைவியின் நிலை இன்னும் விசித்திரமானது. அரச புள்ளிவிபரத்தில் அவள் 'ஊதியம் பெறாத குடும்பத் தொழிலாளி' என்ற வகுப்பினள். பலவேளை, கணக்கெடுக்க வருபவரிடம் 'வீட்டில் இருக்கிறா' என்று கூறப்படுவதனால் அந்த வகுப்பிலும் இடம்பெறாது போகின்றாள். இலங்கையில் வேலைசெய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர் என்னும் கணக்கை வாசிக்கையில் இதனையும் மனங்கொள்ளல் வேண்டும்.

பெண்கள் பொது உற்பத்தியில் மீண்டும் புகுவதே அவர்தம் விடுதலைக்கு முதல் நிபந்தனை என எங்கெல்ஸ் 1884இல் வாதிட்டார். முற்போக்கு விமர்சகர் பலர் இதனை முடிந்த முடிபாகக் கொண்டுவிட்டனர். வன்னிப் பெண் உற்பத்திக்கு வெளியே நின்றவளல்லள். எனினும் விடுதலை பெற்றவளுமல்லள். காரணம் காணியிலே கிடக்கிறது. குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழாகும். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன்னதாக மகனே உரித்தாளன் என்பது அச்சட்டத்தின் ஒழுங்கு. கணவனை இழந்தவளுக்குக் கிடைத்தது ஆயுட்கால அனுபவ உரிமையே. உரித்து வரிசையிலிருந்த இந்த ஆண்முதன்மை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கிற்று. தேசவழமைக்குட்பட்ட பெண்ணோ, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் பொதுவாகக் கைமாற்ற இயலாதவள். யுத்தத்தின் பின் ஊர்தோறும் நுழைந்த நுண்கடன் நிறுவனங்கள் மாத்திரம் பெண்ணையே தேடி வந்தன. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தபோது வன்னி மாவட்டங்களும் அதிலடங்கின. காணி ஆணின் பேரில், கடன் பெண்ணின் பேரில்!

பரந்தன் குமாரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வியின் எழுத்துக்கள் இவ்விடத்தே முக்கியம் பெறுகின்றன. 'சுமைகள்' (1977) முதலாகத் தொடர்ந்து எழுதிவரும் அவர், விவசாயக் குடும்பத்தின் உள்ளே நின்று பேசுபவர். காடழித்துக் கழனி கண்ட தலைமுறையைப் பாடுபொருளாகக் கொண்ட அவரது 'பச்சை வயல் கனவு' நாவலை 'நிலக்கிளி'யோடு ஒப்பவைத்துப் படித்தல் பயன்தரும். பாலமனோகரனிடத்துக் காட்டின் அழகோடு கலந்து மறைந்துவிடும் பெண்ணுழைப்பு, தாமரைச்செல்வியிடத்து உழைப்பாகவே தெரிகிறது. ஆயினும் அதனைப் பொறுமை, தியாகம் என்னும் மதிப்பீடுகளால் அளக்கும் மரபிலிருந்து அவரும் முற்றாக விடுபட்டாரல்லர் என்பது எமது அபிப்பிராயம். காணி எவர் பெயரில் என்ற கேள்வி அங்கும் உரத்து ஒலிப்பதில்லை.

2009இன் பின் கணவரை இழந்தும் தேடியும் நிற்கும் பெண்கள் குடும்பத்தைச் சுமக்கலாயினர். அறுவடை இயந்திரங்கள் அரிவு வெட்டுக் கூலியைப் பறித்துக்கொண்டன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெரும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. பழைய வினா இப்போது புதிய உரத்தோடு வன்னிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கொளுத்தும் வெயிலில் களை பிடுங்கியபோது 'குடும்பம் என்னாவது?' என்று கேளாதவர்கள், சம்பளம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியதும் கேட்கின்றனர். அச்சம்பளம் போதுமானதன்று என்பது வேறு விடயம். மாலையில் வீடு திரும்பி அடுப்பு மூட்டுபவளும் அவளே. பகலெல்லாம் அவள் பிள்ளையைப் பார்த்திருப்பவள் அவளுடைய தாய்; அத்தாயும் ஒருகாலத்தில் அரிவு வெட்டுக்குப் போனவள்தான்.