கடைசி பெஞ்சும் இன்டர்னல் மார்க்கும்

வகுப்பறை அதிகாரத்தை மாணவர்களோடு பங்கு போட்டால் என்ன ஆகும்? ஐரா ஷோர் அதைச் செய்து பார்த்து 1996-ல் எழுதிய புத்தகம் 'வென் ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் பவர்'. இடம், நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் கல்லூரி.

வாத்தியாரிடமிருந்து முடிந்தவரை தள்ளி உட்காரும் மாணவர்களின் மூலைக்கு ஷோர் வைத்த பெயர் 'சைபீரியா'. நம்ம கடைசி பெஞ்சேதான்! அவர்களிடம் பாடத்திட்டத்தைப் பேரம் பேசச் சொல்கிறார். எந்த கிரேடுக்கு எவ்வளவு வேலை என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுகிறார். மாணவர்கள் வருகை விதியையே கேள்வி கேட்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் குழு அவரோடு உட்கார்ந்து அன்றைய வகுப்பை விமர்சிக்கிறது. தன் சங்கடங்களை அவர் மறைக்கவில்லை. புத்தகத்தின் பலம் அதுதான்.

நான் பி.இ. படித்தபோது இன்டர்னல் மார்க் வாத்தியார் கையில். "சார், புரியலை"ன்னு சொல்லவே பயம். அதனால எனக்கு விமர்சனக் குழுவைவிட ஒப்பந்தம்தான் பெரிசாப் படுது. மார்க் பயம் போகாம உண்மையான விமர்சனம் எப்படி வரும்?

ஆனா ஒரு குறை. அதிகாரத்தைக் கொடுத்ததும் ஷோர்தான், கடைசியில் கிரேடு போடுவதும் அவர்தான். அடுத்த செமஸ்டர் வேறு வாத்தியார் வந்தா? எங்க பாஷையில, இது அட்மின் கொடுத்த பர்மிஷன். எப்ப வேணா திரும்ப எடுத்துக்கலாம். அதை உரிமைன்னு சொல்ல முடியாது. இந்த இடத்தில் அவர் இன்னும் அழுத்தியிருக்கலாம்.

ஆசிரியர் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். முதல் நாளே மார்க் விதியை எழுதிக் கொடுத்து, "இதுல எதை மாத்தணும்?"னு கேட்டுப் பாருங்க.