யார் வீட்டுப் பிள்ளைகள்?

"ஒரு மோசக்காரியின் கதையையா படிக்கச் சொன்னீர்?" எனச் சினந்து கேட்டார், சேரன்மகாதேவித் தோழர் ஒருவர். அவர் படித்தது வில்கி காலின்ஸ் எழுதிய 'நோ நேம்'. பெயரற்றோர் எனலாம். 1862-இல் சார்லஸ் டிக்கன்சின் வார இதழில் தொடராக வந்த நாவல்.

தோழரின் சினத்துக்குக் காரணம் உண்டு. கதைத் தலைவி மாக்டலென் மாறுவேடம் பூணுகிறாள்; பொய்ப் பெயர் சூடுகிறாள்; உள்ளத்தால் வெறுக்கும் ஒருவனை ஏமாற்றி மணக்கவும் செய்கிறாள். சொத்துக்காக! ஆனால், யார் சொத்து அது? அதைக் கேளாமல் தீர்ப்பெழுதலாமோ?

ஆண்ட்ரூ வேன்ஸ்டோன் செல்வர். அன்பு மனைவி, நோரா, மாக்டலென் என இரு பெண்கள், எண்பதாயிரம் பவுன் சொத்து. புகைவண்டி விபத்தில் அவர் மாள்கிறார். பேறுகாலத்தில் மனைவியும் மறைகிறாள். அதன் பிறகே இடி விழுகிறது. இருவரும் சட்டப்படி மணந்தது சில மாதங்களுக்கு முன்புதான்! இளமையில் கனடாவில் அவர் மணந்த வேறொருத்தி அதுவரை உயிரோடிருந்தாள். அவள் இறந்த செய்தி வந்ததும் ஓடிச்சென்று மணமுடித்தார். பெண்களுக்கென முன்பே எழுதிவைத்த உயில், அந்த மணத்தாலேயே செல்லாததாயிற்று. திருமணம் பழைய உயிலை அழிக்கும் என்பது ஆங்கிலச் சட்டம். புதியது எழுதுமுன் சாவு முந்திக்கொண்டது. தாய்க்குத் தாலி கட்டியதால் (நம் வழக்கில் சொன்னால்) மகள்களின் சோறு பறிபோயிற்று!

மணத்துக்கு முன் பிறந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் யாருடைய பிள்ளைகளும் அல்லர். சொத்து எங்கே போகிறது? தந்தையால் ஒதுக்கப்பட்டு, தம்பி தர முன்வந்த பங்கையும் தள்ளிவிட்டு, நெஞ்செல்லாம் தாயாதிக் காய்ச்சலோடு வாழ்ந்த அண்ணன் மைக்கேலிடம்! அனாதைகளுக்கு அவன் அளித்தது ஆளுக்கு நூறு பவுன். பிறகு அவன் மகன் நோயல். அந்தச் செல்வத்தின் மேல் கண்வைத்த வீட்டு மேற்பார்வைக்காரி வேறு. இவர்கள் நடுவே மாக்டலென் பொய் சொன்னாள். ஆம், சொன்னாள்.

சேரன்மகாதேவித் தோழருக்குப் பிறப்பைக் காட்டி மறுப்பது புதிதன்று. பொதுமக்கள் பணமும் காங்கிரஸ் தந்த ஐயாயிரம் ரூபாயும் பெற்ற குருகுலத்தில், பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனி இலை போட்ட கதையை 1925-இல் தமிழகமே பேசிற்றே! அங்கே பந்தியைப் பிரித்தது பிறப்பு. நாவலில் பங்கைப் பறித்ததும் பிறப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பார் தோழர். ஒத்துக்கொள்கிறேன். இன்னும் நெருக்கமான சான்று இருக்கிறது.

1953-இல் ஒரு குடும்பச் சொத்து வழக்கில், சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது சென்னை உயர்நீதிமன்றம். உரிய சடங்கு இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை என்பது வாதம். மாலை மாற்றி மணந்தோர் பெற்ற மக்கள், ஒரே தீர்ப்பில் பெயரற்றோர் ஆனார்கள்! முன் நடந்த மணங்களும் செல்லும் என்று அண்ணா ஆட்சி சட்டமியற்ற 1967 ஆயிற்று. இங்கிலாந்தோ, பெற்றோர் பின்னர் மணந்தால் பிள்ளைக்குத் தகுதி உண்டென்று 1926-இல்தான் ஒப்பியது.

காலின்ஸ் மீது எனக்கும் வழக்கு உண்டு. ஆனால் அது தோழர் தொடுத்த வழக்கன்று. முக்கால் கதைவரை சட்டத்தைக் கூண்டிலேற்றியவர், முடிவில் அஞ்சிவிட்டார். பொறுத்திருந்த நோரா, வாரிசான உறவினனை மணந்து சொத்தை அடைகிறாள். போராடிய மாக்டலென் நோயுற்று, வருந்தி, ஒரு கப்பல் தலைவனின் அன்பில் அடைக்கலம் புகுகிறாள். மகள் என்ற உரிமை? அது கடைசிவரை வரவில்லை. மனைவி என்ற வழியில்தான் வருகிறது.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென 1929-இல் செங்கற்பட்டு மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல். இந்தியா முழுமைக்கும் 2005-இல். இன்றும் பத்திரப் பதிவு அலுவலகங்களில் அக்காளும் தங்கையும், "சீர்தான் செய்தோமே" என்ற ஒரு சொல்லுக்காக, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறார்கள். கையெழுத்து வாங்கிய அண்ணனை மோசக்காரன் என்று எவரும் சொல்லக் கேட்டதுண்டா, தோழரே?