கம்பளி நூலில் ஒரு கெண்டி

பெண்களின் தையலைப் பற்றி எழுத நேரும்போதெல்லாம் நமது சஞ்சிகைகளில் "கைவேலை" என்ற ஒற்றைச் சொல்லோடு காரியம் முடிந்துவிடுகிறது. பாராட்டுப் போல ஒலிக்கும் இச்சொல் உண்மையில் பார்க்காமலே கடந்து போவதற்கான வழிதான். ஓவியம் என்றால் கோடு, வர்ணம், வெளி என்று பேசுகிறோம். நூல் என்றால் பொறுமையைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

இத்தனைக்கும் முஸ்லிம் வீட்டுச் சுவர்களுக்கு மிகப் பழகிய ஓவிய வகை சடப்பொருள் ஓவியம்தான். உயிருள்ளவற்றை உருவமாக்குவதில் உள்ள தயக்கத்தால், அரபெழுத்துக்கும் கஃபாவின் படத்துக்கும் பக்கத்தில் பழக்கூடையும் பூச்சாடியும் இடம்பிடித்தன. கரவாஜியோவின் பழக்கூடையிலிருந்து மொராண்டியின் போத்தல்கள் வரை மேற்கில் இதற்குப் பெரியதொரு மரபுண்டு. நம் வீடுகளில் அதை ஊசியால் செய்தவர்கள் உம்மாமார்.

அவை எல்லாமே நல்லவை என்று சொல்ல நான் வரவில்லை. பெரும்பாலானவை கட்டத்தாள் பார்த்து எண்ணித் தைத்தவை. ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்ற இந்த முறையை 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் கம்பளி வேலை உலகெங்கும் பரப்பியது. தாளில் அப்பிளும் திராட்சையும் இருந்தால் துணியிலும் அவைதான். ரம்புட்டானைத் தைத்த ஒரு படத்தைக்கூட நான் கண்டதில்லை.

இன்னொரு குறை, நூல் தன்னை மறைத்துக்கொண்டு வர்ணப்பூச்சாக நடிப்பது. இங்கிலாந்தின் மேரி லின்வூட் (1755–1845) பெரிய ஓவியர்களின் படங்களைக் கம்பளி நூலில் பிரதிசெய்து, 1809 முதல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் காட்சிக்கு வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எண்ணெய் வர்ணமென்றே மயங்கினார்கள். அந்த மயக்கம் தீர்ந்தபின், அவர் இறந்த பிறகு, படங்கள் ஏலத்தில் சொற்ப விலைக்கே போயின. அவரும் பாடசாலை நடத்தியவர் என்பதால் எனக்குச் சற்று இரக்கம் உண்டு. ஆனால் தீர்ப்பு தவறென்று சொல்ல முடியவில்லை. மெக்சிகோவின் விஷாரிக்கா மக்கள் மெழுகு பூசிய பலகையில் நூலை அழுத்தி ஒட்டிப் படம் செய்கிறார்கள். அங்கே நூல் எதையும் நடிப்பதில்லை, அதன் சுழற்சியே படமாகிறது.

இந்த இரண்டு குறைகளும் இல்லாத ஒரு படத்தைப் பொரளையில், ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் மாமி வீட்டில் பார்த்தேன். இரண்டடி அகலச் சாக்குத் துணியில் ஒரு பித்தளைக் கெண்டி, படிக்கம், பாதி வெட்டிய பப்பாசி. தடித்த நூலைத் துணியின்மேல் கிடத்தி, மெல்லிய நூலால் இடையிடையே பிடித்துத் தைத்திருக்கிறார். கெண்டியின் வயிற்றில் நூல் குறுக்கே ஓடாமல் வளைவைச் சுற்றி வருகிறது. திரட்சியைத் தருவது நிறமல்ல, நூலின் திசை. பித்தளைக்கு மஞ்சளும் கடுகு நிறமும் போதுமென்று நினைத்திருந்தால் அது பொம்மையாகியிருக்கும். கழுத்தடியில் ஓடும் ஒற்றைச் சாம்பல் பச்சை இழை அதற்குப் பாவித்த பாத்திரத்தின் வயதைக் கொடுக்கிறது. பப்பாசி விதைகள் கறுப்பு முடிச்சுக்கள். மேசை விளிம்புதான் பிசகு: அளவுகோல் வைத்தது போல விறைத்து நிற்கிறது. நிழலும் இரண்டு பக்கம் விழுகிறது.

அன்று காலைதான் அங்கிருந்து நடந்து போகக்கூடிய பார்ன்ஸ் பிளேஸில், ஹரி பீரிஸின் இல்லமாக இருந்த சபுமல் பவுண்டேஷனில், 1943இல் தோன்றிய '43 குழுவினரின் ஓவியங்களைப் பார்த்திருந்தேன். அவற்றுக்கு நிகரென்று இதைச் சொன்னால் அது மாமிக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆனால் அங்கே கேட்ட அதே கேள்விகளை இங்கேயும் கேட்க முடிந்தது. ஈனா டி சில்வாவின் (1922–2015) பத்திக் வேலைப்பாடு பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரைவரை ஏறியதால் விமர்சகர்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். வரவேற்பறைச் சுவரை யார் பார்ப்பது?

கண்ணாடிச் சட்டம் நூலை நசுக்குகிறது, கழற்றிவிடுங்கள் என்றேன்.

"கண்ணாடி போடாட்டி தூசி புடிக்கும் மகன்" என்றார் மாமி.

இப்போது சஹன் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். வெள்ளைத் துணியில் வெள்ளைச் சஹன். கெய்சர் வீதியில் வாங்கிய மூன்று வெள்ளை நூல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார். விளிம்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.