வனசிங்காரத்தை நேரில் பார்த்தோம்!

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி, ஆசனூர் வழியாகத் தாளவாடிக்குப் போகும் சாலையைப் போல மனசை அள்ளிக்கொண்டு போகிற சாலை வேறு கிடையாது. அடித்துச் சொல்கிறேன். 27 கொண்டை ஊசி வளைவுகள், கீழே தகதகக்கும் பவானிசாகர் அணை, மேலே புலியும் யானையும் உலவும் காடு, வழி நெடுக "வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே அழைக்கும் சிநேகிதர்கள். ஒரு பயணத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்!

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரன். எங்கள் ஊரில் மலை என்றால் வரதராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அத்திகிரிதான். 24 படி ஏறினால் உச்சி வந்துவிடும். மற்றபடி கண்ணுக்கெட்டிய மட்டும் சமதரை. ஆனாலும் காடு எங்களுக்கு அந்நியமில்லை. யானை, மான், மயில், சிங்கம் என்று கரையிலும் முந்தியிலும் விலங்குகள் அணிவகுக்கிற வனசிங்காரப் புடவையைத் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் ஊர் இது. தும்பிக்கை எந்த இடத்தில் வளைய வேண்டும், மான் கொம்பு எங்கே பிரிய வேண்டும் என்பது எங்கள் கைக்கு அத்துப்படி. அந்த யானையையும் மானையும் அவற்றின் வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருஷத்து ஆசை. ஐப்பசி மழை ஓய்ந்து காடு பச்சை பிடித்திருந்த நேரத்தில் குடும்பத்தோடு காரில் கிளம்பினோம்.

வேலூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் கணவாய், சேலம் என்று நெடுஞ்சாலை விறுவிறுவென்று ஓடிவிட்டது. முதலில் வண்டி நின்றது பவானியில். காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறையில் முங்கி எழுந்து, சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு நண்பர் வீட்டுக்குப் போனோம். கைத்தறிக் கண்காட்சி ஒன்றில் பக்கத்துப் பக்கத்துக் கடை போட்ட நாளிலிருந்து பழக்கம். அவர் ஜமக்காளம் நெய்கிறவர். அவர் தறியைப் பார்த்ததும் எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. அதே குழித்தறி! அகலமான ஜமக்காளத்துக்கு ஒரே தறியில் இரண்டு பேர் அமர்ந்து, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு நாடாவை வீசி வாங்குகிறார்கள். எங்கள் ஊரில் கோர்வைப் புடவைக்கும் இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று என்று மூன்று நாடா ஓடும்போது மறுகரை நாடாவைத் தள்ளித்தர எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அவர் பருத்திக்காரர், நான் பட்டுக்காரன். கால் மிதியின் தாளம் இருவருக்கும் ஒன்றுதான். அவர் மனைவி விரித்துப் போட்ட ஜமக்காளத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக ஜொலித்த அழகு இருக்கிறதே! எழுந்து வரவே மனமில்லை.

நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடியைத் தாண்டினால் கோபிசெட்டிபாளையம். கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாய்கிற பூமி. நெல்வயலும் தென்னந்தோப்புமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. இங்கே இருக்கும் நண்பர் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்தவர், அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனதில் வளர்ந்த சிநேகம். புழு வளர்க்கும் மனைக்குள் போகும் முன் செருப்பைக் கழற்றிவைத்து, கை கால் கழுவச் சொன்னார். சின்ன நோய் தொற்றினாலும் மொத்தப் புழுவும் போய்விடுமாம். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். அப்போதுதான் இலை போட்டிருந்தார்கள். ஓட்டு வீட்டின் மேல் தூறல் விழுவது போல ஒரு சத்தம். அத்தனையும் புழுக்கள் இலை தின்கிற சத்தம்! நான்கு முறை தோலுரித்து, 25 நாள் போலத் தின்று தீர்த்துவிட்டு, பிறகு கூடு கட்ட ஆரம்பிக்கும். ஒரு வெள்ளைக் கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத இழை வரும். வாழ்நாளெல்லாம் பட்டு இழையைத் தொட்டவன் நான். அது பிறக்கிற இடத்தைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. என் மகள் ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இறக்கவே மாட்டேன் என்றாள். "என்னங்கண்ணா, இத்தனை தூரம் வந்துட்டு உடனே கெளம்பறமுங்கறீங்க? இருந்து சாப்பிட்டுத்தான் போகோணும்" என்று நண்பர் பிடித்துவைத்துக்கொண்டார். இரவு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் விடிந்ததும் பண்ணாரி. பண்ணாரி மாரியம்மன் கோயிலில் திருநீறு கிடையாது, புற்றுமண்தான் பிரசாதம். அதை நெற்றியில் இட்டுக்கொண்டுதான் எல்லா வண்டியும் மலை ஏறுகிறது. நாங்களும் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் பலகை எண் சொல்கிறது. கரும்பு ஏற்றிய லாரி எதிரே இறங்கினால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். அந்த நிதானமே ஒரு சுகம். பத்து வளைவு தாண்டியதும் காற்று மாறுகிறது. வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டால் ஈரமண்ணும் பச்சிலையும் கலந்த வாசம். உச்சிக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிப் பார்த்தால் சமவெளி முழுக்க விரிந்து கிடக்கிறது, நடுவே பவானிசாகர். அடேயப்பா!

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கிற இடம் இது. முதுமலை, பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலை என்று சுற்றிலும் காட்டோடு காடு ஒட்டிக்கிடப்பதால் யானைகள் தங்குதடையில்லாமல் நடக்கின்றன. 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு 1,408 சதுர கிலோமீட்டர். புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022-இல் சர்வதேச விருதும் வாங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் வீரப்பன் பெயரைச் சொல்லிப் பயந்த காட்டுக்கு இன்று உலகமே கைதட்டுகிறது. நமக்கு எத்தனை பெருமை!

திம்பம் தாண்டிய கொஞ்ச நேரத்தில் புள்ளிமான் கூட்டம். அடுத்து, தோகையை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்த மயில். ஆசனூர் நெருங்கும்போது முன்னே போன வண்டிகள் நின்றன. நாங்களும் இன்ஜினை நிறுத்தினோம். இடப்பக்கப் புல்வெளியில் யானைக் கூட்டம்! தாய் யானை ஒன்று புல்லைக் கொத்தாகப் பிடுங்கி, முன்னங்காலில் இரண்டு தட்டுத் தட்டி, வேரிலிருந்த மண்ணையெல்லாம் உதிர்த்துவிட்டு வாயில் வைத்தது. மறுபடி பிடுங்கல், தட்டல், வாய். அதன் வயிற்றடியில் நின்ற குட்டியும் தன் சின்னத் தும்பிக்கையால் புல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தது, வரவில்லை. தாயின் வாயோரத்திலிருந்தே ஒரு கீற்றை உருவிக்கொண்டது. என் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எத்தனை யானையை ஜரிகையில் நெய்திருப்பேன்! அந்தத் தும்பிக்கை நுனியில் இவ்வளவு நாசூக்கு இருக்கும் என்று எந்தப் புடவையும் எனக்குச் சொன்னதில்லை. அடுத்த வனசிங்காரத்தில் தாயோடு குட்டியும் கட்டாயம் வரும், காலில் புல்லைத் தட்டியபடி!

காரப்பள்ளம் சோதனைச்சாவடி கடந்து, கர்நாடக எல்லைக்குள் கொஞ்சம் போய் மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்தால் தாளவாடி. அங்கே எங்களுக்காகக் காத்திருந்தவர், வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிபுரம் வந்தபோது எங்கள் வீட்டில் தங்கியவர். தமிழும் கன்னடமும் கலந்து பேசும் வீடு. சுடச்சுட ராகிக்களி, அவரைக்காய்க் குழம்பு, தோட்டத்து வாழைப்பழம். தோட்டத்துக்கு ஓரமாக யானை வராமலிருக்க அகழி. மரத்தின் மேல் காவலுக்குப் பரண். எங்களையும் பரணில் ஏற்றி உட்காரவைத்தார். "யானை நம்ம தோட்டத்துக்கு வருதுங்கறோம். அது போற வழியிலதான நாம பயிர் வெச்சிருக்கறோம்" என்றார். யானையிடம் பயிரை இழந்தவர் வாயிலிருந்து இந்தப் பேச்சு வருகிறது. இப்படிப்பட்ட மனிதர்கள் இருப்பதால்தான் அந்தக் காடு காடாக இருக்கிறது.

நீங்களும் அவசியம் போய்வாருங்கள். மழைக்குப் பிந்திய மாதங்கள் உத்தமம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் இந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, காலையில் ஏறிவிடுங்கள். காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், ஒரு பிஸ்கட்டைக்கூட விலங்குகளுக்குப் போடாதீர்கள். வழியில் கொடிவேரியில் குளித்துவிட்டுச் சுடச்சுட மீன் வறுவல் சாப்பிட மறக்காதீர்கள். அந்தப் பக்கம் தெரிந்தவர் யாருமில்லையே என்று தயங்க வேண்டாம். பவானியில் ஒரு தறி வீட்டு வாசலில் நின்று காஞ்சிபுரத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். காபி குடிக்காமல் விடமாட்டார்கள்!